கடைசி வெட்டு: இரண்டு இஞ்சா, மூன்று இஞ்சா?

மண்வெட்டி:
நேற்று வடமராட்சியான் இங்கே எழுதியதைப் படித்த பிறகு எனக்கு நித்திரை இல்லை. "ஸ்னோ விழ முதல் புல்லை இரண்டு இஞ்சுக்கு வெட்டுங்கோ, இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்" என்கிறார். அதை நம்பி எத்தனை பேர் மெஷினைத் தள்ளிக்கொண்டு வெளிக்கிட்டார்களோ! ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் பத்தொன்பது வருடமாகப் புல் வெட்டுகிறேன். மே மாதமும் மூன்று, ஒக்டோபரும் மூன்று. எங்கள் வளவுப் புல்லான கென்டக்கி புளூகிராஸ் சாப்பாடு செய்வது இலையில். இலையை வழித்துவிட்டால் வேர் எதைச் சேர்த்து வைத்துக்கொண்டு குளிரைத் தாண்டும்?

வடமராட்சியான்:
அண்ணை, முழுதையும் வாசியுங்கோ. கடைசி வெட்டுக்கு மட்டும்தான் இரண்டு என்றேன். சாம்பல் பூஞ்சணம் ஸ்னோவுக்குக் கீழேதான் வளரும். நீளப் புல் பாரத்தில் மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்து, ஈரத்தை விடாமல் வைத்திருக்கும். போன ஏப்ரலில் என் முன்வளவில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் வட்டம் வட்டமாய், வைக்கோல் நிறத்தில். கையால் தொட்டால் ஒட்டடை மாதிரி வருகிறது. அந்த வருடம்தான் உங்கள் சொல் கேட்டு மூன்றில் விட்டேன்.

மண்வெட்டி:
என் சொல் கேட்டு வந்த பூஞ்சணம் இல்லை அது. டிரைவ்வே ஸ்னோ முழுவதையும் அந்த மூலையில் மலை மாதிரிக் குவித்தது யார்? ஊரெல்லாம் உருகின பிறகும் அது உருகாது, அடியில் புல் அவியத்தான் செய்யும். நவம்பரில் யூரியா அள்ளி எறிந்ததும் நீங்கள்தான். இளந்தளிர் வந்தால் பூஞ்சணத்துக்கு விருந்து. புல் மூன்று இஞ்ச் நின்றது குற்றமா?

குட்டிவளவு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் மெஷினில் 1 முதல் 6 வரை இலக்கம் போட்டிருக்கிறது. 3இல் வைத்து வெட்டி, மகனின் அடிமட்டத்தால் அளந்தால் இரண்டுக்குக் கொஞ்சம் கூட. நீங்கள் இருவரும் சொல்வது மெஷின் இலக்கமா, புல்லின் உயரமா?

மண்வெட்டி:
தங்கச்சி, மூன்று என்றால் மூன்று.

வடமராட்சியான்:
இரண்டு.

பழைய ஸ்காபரோ:
ரொறன்ரோ மாநகரசபை 20 சென்ரிமீற்றரைத் தாண்டினால்தான் கேள்வி கேட்கும். அதாவது எட்டு இஞ்ச். இங்கே ஒரு இஞ்சுக்கு இரண்டு நாளாய்ச் சண்டை. ஆனால் ஒன்று, நீளப் புல்லுக்குள் வோல் எலி வரும். ஸ்னோ உருகினால் வளவு முழுக்க வாய்க்கால் ஓடின மாதிரி அதன் பாதை தெரியும்.

மண்வெட்டி:
நான் மார்க்கம், உங்கள் மாநகரசபை எனக்கு எதற்கு? குருவிக்குத் தீனி கொட்டிவிட்டு எலி வருகிறது என்று அழுகிறீர்கள். வடமராட்சியானுக்கு இன்னொன்று: ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. பாலர் பாடம்.

வடமராட்சியான்:
மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் எவ்வளவு எடுத்தது? மூன்றில் ஒரு பங்கு. கணக்கும் நானே சொல்லித்தர வேண்டுமா?

மண்வெட்டி:
உங்கள் புல் மூன்றில் நின்றதா? படத்தைப் பார்த்தேன், நாலரை. முயல் படுத்தாலும் தெரியாது.

வடமராட்சியான்:
பாடம் எடுக்கிற ஆள் எல்லைக்கு அங்கால் அமெரிக்காவின் பஃபலோவில் இருந்து கார் டிக்கியில் என்ன கொண்டுவந்தவர் என்று சொல்லட்டும். ஒன்ராறியோவில் வீட்டுப் புல்லுக்கு 2,4-டி களைநாசினி அடிக்க 2009 ஏப்ரல் 22இல் இருந்து தடை. உங்கள் வளவில் மட்டும் டான்டிலியன் களை ஒன்றுகூட இல்லாதது மூன்று இஞ்சின் மகிமையாக்கும்!

மண்வெட்டி:
அது மச்சானின் கார்.

பழைய ஸ்காபரோ:
😂

மண்வெட்டி:
சிரிக்க ஒன்றும் இல்லை. என் வளவில் டான்டிலியனைக் கத்தியால் வேரோடு எடுப்பது என் மனிசி. புல் உயரமாய் நின்றால் களை விதைக்கு வெயில் படாது, முளைப்பது குறையும். அதற்கும் மூன்று இஞ்ச்தான் மருந்து. ஊரில் அப்பு கோரை பிடுங்கியே கூனிப்போனவர், எனக்குக் களை பற்றிச் சொல்ல வேண்டாம்.

குட்டிவளவு:
யாராவது என் கேள்விக்குப் பதில் சொல்வீர்களா? அப்புறம் எனக்கு இப்போது வேறு பிரச்சினை. ஸ்கங்க், நாற்றம் அடிக்கிற அந்தக் கறுப்பு வெள்ளைப் பிராணி, வந்து புல்லைப் பாய் சுருட்டின மாதிரிச் சுருட்டி வைத்திருக்கிறது. அடியில் வெள்ளைப் புழு.

பழைய ஸ்காபரோ:
அதற்கு நெமடோட், அந்தப் புழுவைக் கொல்லும் நுண்ணிய உருளைப்புழு. ஆனால் ஓகஸ்ட் கடைசி, செப்டம்பரில் விட்டிருக்க வேண்டும், ஈர மண்ணில். இப்போது புழு ஆழத்துக்குப் போகிற நேரம், பிந்திவிட்டது.

மண்வெட்டி:
புழுக் கதையை வேறு இடத்தில் வையுங்கள். இதோ படம், இன்று காலை எடுத்தது. புல்லுக்குப் பக்கத்தில் அடிமட்டம் நிற்கிறது. மூன்று. கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

குட்டிவளவு:
அண்ணை, அடிமட்டம் அரை இஞ்ச் மண்ணுக்குள் இறங்கி நிற்கிறது. அப்படியென்றால் புல் இரண்டரைதானே?

வடமராட்சியான்:
😂😂 இரண்டரை!

மண்வெட்டி:
மழை பெய்து இளகின மண். மண்ணைக் கழித்துக் கணக்குப் பார்க்கிற ஆட்களோடு நான் கதைக்கத் தயாரில்லை. மூன்று.

வடமராட்சியான்:
நாளை இரவு ஸ்னோ என்கிறார்கள். மெஷினுக்குப் பெற்றோல் விட்டாயிற்று. விடிய எழும்பி இரண்டுக்கு வெட்டப் போகிறேன், ஏப்ரலில் படம் போடுகிறேன்.

மண்வெட்டி:
விடியவா? ஈரப் புல்லையா? வெட்டினது கட்டி கட்டியாய்க் கிடந்து அழுகும், பிறகு அதற்கும் என்னைத்தான் சொல்வீர்கள். நில்லுங்கள், ஈரப் புல்லுக்குத் தனித் தலைப்புத் தொடங்குகிறேன்.