அமெரிக்க ஜே-1 விசா ஸ்டாம்பிங் முடிகிறது, அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

தாமிரபரணிக்கரை:
வணக்கம். அமெரிக்காவில் ஓஹையோவில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர்), ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ரிசர்ச் ஸ்காலர். அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலி போய் வருகிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள விசா மார்ச்சில் முடிகிறது, பல்கலைக்கழகம் தரும் ஜே-1 படிவமான டிஎஸ்-2019 ஐ இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துத் தருகிறார்கள். மே மாதம் தங்கைக்குக் கல்யாணம். இங்கிருந்தே புதுப்பிக்க வழி உண்டா? மார்ச்சுக்குப் பிறகு இங்கே இருப்பதே தப்பாகிவிடுமா? கனடா போய் வந்தால் போதும் என்கிறார் அறைத்தோழர். தூக்கமே வரவில்லை.

குளிர்நாடு:
தம்பி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். விசா என்பது உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். டிஎஸ்-2019 நடப்பில் இருந்து, வேலையும் அதில் உள்ளபடியே நடந்தால், விசா முடிந்த பிறகும் நீங்கள் இங்கே இருப்பது சட்டப்படிதான். ஆனால் ஜே-1 ஐ அமெரிக்காவுக்குள் புதுப்பிக்க முடியாது, வெளியே தூதரகத்தில்தான். கனடா விஷயம் பாதி உண்மை. விசா முடிந்திருந்தாலும் 30 நாளுக்குள் கனடா போய்த் திரும்பலாம், அதற்காக உங்களுக்குப் புது விசா கிடைத்துவிடாது. இந்தியா போய் வர ஸ்டாம்பிங் வேண்டும்.

நெல்லை எக்ஸ்பிரஸ்:
போன வருடம் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். 2025 செப்டம்பரிலிருந்து ஜே-1 காரர்களுக்கு டிராப்பாக்ஸ் (நேர்காணல் இல்லாமல் ஆவணங்களை மட்டும் கொடுத்துப் புதுப்பிப்பது) கிடையாது, நேர்காணலுக்கு நேரில் போக வேண்டும். புது டிஎஸ்-2019 கைக்கு வந்த அன்றே விசா விண்ணப்பமான டிஎஸ்-160 நிரப்பி நேர்காணல் ஸ்லாட் தேடத் தொடங்குங்கள். சென்னையில் விரல்ரேகைக்கு ஒரு நாள், ஜெமினி பாலம் பக்கத்தில் தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொரு நாள் என்று வரலாம். கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள், ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே நேர்காணலை வையுங்கள். எனக்கு 221(ஜி) சீட்டு, அதாவது விசாவை நிறுத்திவைத்துக் கூடுதல் விவரம் கேட்கும் சீட்டு, கொடுத்துவிட்டார்கள், ஆய்வு விவரம், சிவி எல்லாம் கேட்டார்கள், ஐந்து வாரம் ஊரிலேயே காத்திருந்தேன், சம்பளம் என்னாகுமோ என்று தினமும் பயம். உங்கள் பேராசிரியரிடம் இதை இப்போதே சொல்லிவைத்தால் நல்லது. விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். அதே புரோகிராம்தான் தொடர்கிறது என்றால் செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் பதிவேடு) கட்டணம் மறுபடி கட்ட வேண்டாம். அப்புறம், சமூக வலைதளக் கணக்குகளையெல்லாம் பப்ளிக்காக வைக்கச் சொல்கிறார்கள், அதை மறக்க வேண்டாம்.

மல்லிகைப்பந்தல்:
இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன் அண்ணா. டிஎஸ்-2019 இல் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவை கிளம்பும் முன்பும் பாருங்கள், ரிசர்ச் ஸ்காலருக்கு அது அதிகபட்சம் ஒரு வருடம்தான் செல்லும். மனைவி ஜே-2 (உடன் வரும் குடும்பத்தாருக்கான விசா) என்றால் அவருடைய படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். இரண்டாவது, ஜே-1 முடிந்து சொந்த நாட்டில் இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்ற விதிக்கு இப்போதே விலக்கு வாங்கிவிடு என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். விலக்குக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் பரிந்துரை வந்துவிட்டால் அதன்பின் டிஎஸ்-2019 ஐ நீட்டிக்க முடியாது, என் தோழி ஒருத்தி அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். 2024 டிசம்பரில் இந்த விதி பொருந்தும் நாடுகள், துறைகளின் பட்டியலான ஸ்கில்ஸ் லிஸ்ட்டிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்கள், ஆக அரசு நிதி எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு அந்த விதியே பொருந்தாமல் போகலாம். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் கேளுங்கள்.

தாமிரபரணிக்கரை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எனக்கு வருவது அரசு நிதி இல்லை, பல்கலைக்கழகச் சம்பளம்தான். திங்கட்கிழமை நீட்டிப்புக்குக் கொடுக்கிறேன். ஏப்ரல் கடைசியிலேயே கிளம்பலாம் என்று இருக்கிறேன், அப்பாவோடு இரண்டு வாரம் கூடுதலாக இருக்கலாம்.