விட்ச்கிராஃப்ட்ங்கிற வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?

கயல்: எல்லாருக்கும் வணக்கம். சேலம் வழக்கு பத்தி (நம்ம சேலம் இல்லீங்க, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல இருக்கிறது, விட்ச்னு ஜனங்க மேல குற்றம் சாட்டி 1692ல நடந்தது) ஒரு கட்டுரைய தமிழ்ப்படுத்திட்டு இருக்கேன், தலைப்புலயே மாட்டிக்கிட்டேன். விட்ச்கிராஃப்ட்டுக்கு சூனியம்னு போடவா, மாந்திரீகம்னு போடவா? கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க, விட்ச்னா ஆதியில அறிவாளிப் பொண்ணுன்னு அர்த்தம், வைஸ்லேர்ந்து வந்தது, சர்ச்சுதான் அத கெட்ட வார்த்தையா மாத்திடுச்சுன்னு சொல்றாங்க. கேக்க நல்லா இருக்கு, உண்மையா?

பாரி: அக்கா சொன்னது சரிதாங்க, நானும் அப்படித்தான் படிச்சேன். பச்சிலை வைத்தியம் பாத்த பொம்பளைங்கதான் அவங்க. சேலத்துல எல்லாரையும் எரிச்சே கொன்னுட்டாங்க பாவம்.

செங்கழுநீர்: பாரி, ரெண்டுமே தப்புங்க. சேலத்துல யாரையும் எரிக்கல, 19 பேர தூக்குல போட்டாங்க, அதுல 5 பேரு ஆம்பளைங்க. ஜைல்ஸ் கோரின்னு ஒரு கிழவர் குற்றத்த ஒத்துக்கவும் மாட்டேன் மறுக்கவும் மாட்டேன்னு நின்னதுக்கு, நெஞ்சு மேல கல்ல அடுக்கி அடுக்கியே கொன்னாங்க.

இப்ப வார்த்தைக்கு வரேன். பழைய ஆங்கிலத்துல செய்றவன் ஆம்பளைன்னா விச்சா, பொம்பளைன்னா விச்செ, அந்த வேலைக்கு பேரு விச்செக்ராஃப்ட், அதான் தேய்ஞ்சு இன்னைக்கு விட்ச்கிராஃப்ட். வைஸ்ங்கிறது அப்பவே வீஸ்னு தனியா இருந்த வார்த்தை, அந்த ஸ் சத்தம் ச்சா மாற வழியே இல்ல. நல்ல பேரா இருந்து கெட்டுப்போச்சுங்கிறதும் நிக்காது, 9ஆம் நூற்றாண்டு கடைசியில ஆல்ஃபிரட் ராஜா போட்ட சட்டத்துலயே இவங்கள உயிரோட விடாதேன்னுதான் இருக்கு. அறிவாளிங்கிற விளக்கம் ஊரெல்லாம் பரவுனதுக்கு ஜெரால்ட் கார்ட்னர் ஒரு முக்கியமான காரணம், 1954ல புத்தகம் போட்டு இத ஒரு மதமா முன்னால வச்சவரு. அந்த மதத்த எழுதும்போது விக்கான்னே விட்டுடுங்க, சூனியம்னு போட்டா அவங்களுக்கு அநியாயம்.

கிராஃப்ட்ன்னா முதல்ல பலம், சக்தி, அப்புறம்தான் கைத்திறமை. ஜெர்மன்ல க்ராஃப்ட்ன்னா இன்னைக்கும் பலம்தான்.

எபி: சூனியம்னே போடுங்க கயல். யாத்திராகமம் 22:18ல ஆங்கில பைபிள் விட்ச்னு சொல்ற எடத்துல நம்ம தமிழ் பைபிள்ல சூனியக்காரிய உயிரோட வைக்க வேண்டாம்னுதான் இருக்கு, சேலம்காரங்க மனசுல ஓடுனதும் அந்த வசனம்தான். ஆனா பழைய கிரேக்க பைபிள்ல அதே எடத்துல இருக்கிற வார்த்தை, பார்மசின்னு மருந்துக்கடைக்கு சொல்றோமே, அந்த வேர்லேர்ந்து வந்தது. விஷம் வைக்கிறவன்னும் அதுக்கு அர்த்தம் உண்டு. 1584லயே ரெஜினால்ட் ஸ்காட்னு ஒரு இங்கிலீஷ்காரர் இத சொல்லி, கெழவிங்கள தூக்குல போடாதீங்கன்னு வாதாடி புத்தகமே எழுதினாரு. அவர் பேச்ச கேட்டிருக்கலாம், எனக்கு இப்பவும் ஆறல.

கயல்: ரொம்ப நன்றி, சூனியம்னே போட்டுட்டேன். இன்னொன்னு, கட்டுரையில கடைசியா 1735 பிரிட்டிஷ் சட்டம் வருது, அங்கயும் இதே வார்த்தைதானே?

செங்கழுநீர்: வார்த்தை அதே, விஷயம் தலைகீழ், பாத்து எழுதுங்க. 1604 சட்டத்துல சூனியம் வைக்கிறது குற்றம், 1735ல சூனியம் வைக்கத் தெரியும்னு ஊர ஏமாத்துறது குற்றம், ஒரு வருஷம் ஜெயில். அந்த சட்டத்துல 1944ல கூட ஹெலன் டங்கன்னு ஆவியோட பேசுறதா சொன்ன அம்மா ஒன்பது மாச தண்டனை வாங்குனாங்க, 1951லதான் சட்டத்த எடுத்தாங்க. அதனால அங்க 'சூனியம் செய்வதாகப் பாசாங்கு செய்தல்'னு முழுசா எழுதுங்க.

கயல்: நல்லவேளை கேட்டேன், அங்க வெறும் சூனியம்னு அடிச்சு வச்சிருந்தேன். மாத்திட்டேன்.