சின்ன கோக் அடுப்புகளை மூடி ஒரே பெரிய ஆலையாக்குவது சரியா?

உப்புவெளியான்:
சீனாவின் சான்சி மாகாணத்தில் 4.3 மீற்றர் உயரப் பழைய கோக் (இரும்பு எடுக்க உதவும் சுட்ட நிலக்கரி) அடுப்புகளை மூடி, உற்பத்தியைப் பெரிய அடுப்புகளுக்கு மாற்றினார்கள். அது சரியான வேலை என்பேன். அவுஸ்திரேலிய உருக்காலை ஒன்றின் கோக் பிரிவில் ஆறு வருடம் இருந்தவன் நான். நிலக்கரியைக் காற்றுப் படாமல் 1000 பாகையளவில் சுடும்போது, புகை கசிவது பெரும்பாலும் கதவு வழியாகவும் வெந்த கோக்கை வெளியே தள்ளும்போதும்தான். அடுப்பு பெரிதானால் அதே அளவு கோக்குக்குக் கதவும் குறையும், தள்ளும் தடவையும் குறையும்.

சம்பூர்ப் பிள்ளை:
தொன்னுக்குக் குறையும், சரி அண்ணா. பத்து ஊர் அடுப்பை ஒரே ஊரில் வைத்தால் அந்த ஊர்ச் சனத்துக்கு என்ன குறைந்தது? 2006இல் இடம்பெயர்ந்த நாங்கள் திரும்பி வருவதற்குள் எங்கள் சம்பூர்ப் பக்கம் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கு என்று ஆகிவிட்டது. 2016இல்தான் அதைக் கைவிட்டார்கள். எங்களைக் கேட்டா இடம் பார்த்தார்கள்? கோக் ஆலை வேலையே மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

உப்புவெளியான்:
தம்பி, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மின்சாரத்துக்கு வெயில் இருக்கிறது, தாதிலிருந்து இரும்பு எடுக்கும் ஊதுலைக்கு கோக்தான் வேண்டும். தாதின் ஒட்சிசனை இழுப்பதும், மேலே குவியும் பாரத்தைத் தாங்கிக் காற்றுக்கு வழி விடுவதும் அதுதான். பெரிய ஆலையால் வெந்த கோக்கை நைதரசனால் குளிர்வித்து, அந்த வெப்பத்தில் மின்சாரமும் எடுக்க முடியும். சின்ன அடுப்புக்காரனுக்கு அது கட்டாது. நான் இருந்த இடத்தில் தண்ணீர்தான் ஊற்றினோம். வெண்புகை எழும்பும் ஒவ்வொரு முறையும் காற்றடிக்கும் பக்கத்து வீடுகளில் கொடியில் காய்ந்த உடுப்பை ஓடிவந்து எடுப்பார்கள். இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கிண்ணியா வாசகன்:
வேல்ஸின் போர்ட் டல்போட்டில் 2024 மார்ச்சில் கோக் அடுப்புகளையும் செப்டெம்பரில் கடைசி ஊதுலையையும் நிறுத்தி, மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைக்குப் போகிறார்கள். பழைய இரும்பை அதில் உருக்க கோக் தேவையில்லை. பெரிய கோக் ஆலைக்குப் போடும் காசை இதில் போடலாமே?

உப்புவெளியான்:
பழைய இரும்பு போதுமானால் நானும் அதையே சொல்வேன், நானா. உலக உருக்கில் ஏறத்தாழ 70 வீதம் இன்னும் ஊதுலை வழியாகத்தான் வருகிறது.

சம்பூர்ப் பிள்ளை:
அப்படியென்றால் ஒன்றுசேர்க்கட்டும். ஆனால் வேலியோரத்தில், கோக் புகையில் வரும் நச்சான பென்சீனை அளக்கும் கருவி வேண்டும், அளவு அன்றன்றே ஊருக்குத் தெரிய வேண்டும். உடுப்பை எடுத்த அந்தச் சனத்துக்கு யாராவது அளவைக் காட்டினார்களா அண்ணா?

உப்புவெளியான்:
நான் இருந்தவரை இல்லை தம்பி. உள்ளே வேலை செய்த எங்களுக்குத்தான் அளந்தார்கள். அந்தக் கருவி விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.