சம்ப் என்பதற்குத் தமிழில் என்ன? (கடல்மீன் தொட்டிப் பலகை, வெள்ளிக்குள் வேண்டும்)

தரங்கம்பாடி, விலங்கியல் ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் கடல்நீர் மீன்தொட்டி அமைத்துக்கொண்டிருக்கிறோம். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அதன் பக்கத்தில் மாட்ட வேண்டிய விளக்கப் பலகையை வெள்ளிக்கிழமை மாலைக்குள் மயிலாடுதுறையில் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் எழுதியாயிற்று, ‘சம்ப்’ என்கிற இடத்தில் மட்டும் கை ஓடவில்லை.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன்கள் இருக்கும் கண்ணாடித் தொட்டி இரும்பு ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. ஸ்டாண்டுக்குள் கீழே இன்னொரு சின்னத் தொட்டி. மேலே ஒரு மூலையில் பல் பல்லாக வெட்டிய தடுப்பு உண்டு. அந்த மட்டத்தைத் தாண்டும் நீர் வழிந்து, குழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே மூன்று அறைகள். முதல் அறையில் துணிப்பை கசடைப் பிடிக்கும், நுரை பிரிக்கும் கருவியும் அதில்தான். நடு அறையில் பாசி வளர்க்கிறோம், நீரில் சேரும் நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். கடைசி அறையிலிருந்து மோட்டார் நீரை மறுபடி மேலே ஏற்றும். ஆவியாகிக் குறைவது இந்தக் கடைசி அறையில்தான் தெரியும், மேல்தொட்டியில் மட்டம் அப்படியே நிற்கும். குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். ஆவியாவது நீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது அல்லவா.

இனி முக்கியமானது. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், ஆனால் மேலே இருக்கும் நீர் தடுப்பின் விளிம்பு வரை இறங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே ஏறக்குறைய 24 லிட்டர். குழாய்களில் நிற்பதும் அதோடு சேர்ந்து வரும். அதனால் கீழ்த்தொட்டியை ஒருபோதும் முழுக்க நிரப்பக் கூடாது, இடம் விட்டே வைக்க வேண்டும். பிள்ளைகள் மனத்தில் பதிய வேண்டியது இதுதான்.

‘சம்ப்’ என்று எழுதினால், வீட்டு வாசலில் மண்ணுக்கடியில் கட்டியிருக்கும் தண்ணீர்த் தொட்டிதான் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நினைவு வரும். அது நீரைச் சேர்த்து வைப்பது. இதன் வேலையே வேறு. ஒரு நல்ல சொல் கொடுங்கள்.

கும்பகோணம், மீன்தொட்டிக் கடை:

டீச்சர், சம்ப் என்றே போடுங்கள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நாளைக்கு உங்கள் மாணவன் ஒருவன் என் கடைக்கு வந்து புதுச்சொல்லைச் சொன்னால், எனக்கும் புரியாது, அவனுக்கும் பொருள் கிடைக்காது.

சொல் இருக்கட்டும், ஸ்டாண்டை ஒருமுறை பாருங்கள். உங்கள் அளவுக்கு விளிம்பு வரை 566 லிட்டர். கடல்நீர் என்பதால் எடை 580 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டிருந்தால் அதுவே நூறு கிலோவைத் தாண்டும். பாறை, மணல், கீழே உள்ள தொட்டி எல்லாம் சேர்த்தால் முக்கால் டன்னுக்கு மேல் போகும். ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் கண்ணாடி மூலையில் அழுத்தம் ஏறும், வழியும் தடுப்பிலும் ஒரு பக்கப் பல்லில்தான் நீர் போகும். இன்னொன்று: நீரை மேலே ஏற்றும் குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால், கரண்ட் போனதும் அந்தக் குழாயே நீரைக் கீழே இழுக்கத் தொடங்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னத் துளை போடுங்கள். மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து, இழுப்பு நின்றுவிடும். அந்தத் துளையை உப்பும் பாசியும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடி, தமிழாசிரியர் (ஓய்வு):

கடைக்காரத் தம்பி சொன்ன ரசமட்டம் நல்ல சொல். அதைப் பலகையில் சேர்க்க வேண்டும்.

‘சம்ப்’ பக்கம் வருவோம். தமிழில் சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்காது. எழுதினால் ‘சம்பு’ என்றுதான் எழுத வேண்டும். சம்பு என்றால் சிவன், நாவல் மரம், குளக்கரையில் நிற்கும் கோரை. பூம்புகாருக்குப் பழம்பெயர் சம்பாபதி என்று மணிமேகலை சொல்கிறது, நாவல் மரத்தடித் தெய்வத்தின் பெயரால் வந்தது. டெல்டாவில் சம்பாவுக்கு என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை பொருள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும் சொல்லின் மேல் இன்னும் ஒரு கண்ணாடித் தொட்டியையும் ஏற்றுவது முறையில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடினேன். இடைக்கால டச்சிலும் தாழ்நிலச் செர்மனிலும் அது சதுப்பு நிலத்தைக் குறித்தது. பிறகு சுரங்கத்தில் நீர் வந்து தேங்கும் பள்ளமாயிற்று. சதுப்பு என்றதும் எனக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காடுதான் கண்முன் வருகிறது. டீச்சர் சொன்ன நடு அறையில் சிலர் பாசிக்குப் பதிலாகக் கண்டல் நாற்று நடுவதாகவும் படித்தேன். ஆக, வேர்ப்பொருள் முழுக்கத் தொலைந்துபோகவில்லை.

என் பரிந்துரை ‘மறுகால் தொட்டி’. ஏரி நிரம்பியபின் மிகுநீர் ஓடும் வழி மறுகால். வாய்க்கால், வடிகால், கால்வாய் எல்லாவற்றிலும் உள்ள அதே கால். அதற்கு ஓட்டம் என்ற பொருளும் உண்டு, காற்றுக்கும் கால் என்று பெயர். முன்னால் ‘மறு’ நிற்பதால் மறுபடி வருவதும் உள்ளே இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

காட்டுமன்னார்கோவில்:

ஐயா, மறுகால் ஏரிப் பாசனக்காரர்கள் சொல். எங்கள் பக்கம் வீராணம் இருப்பதால் எனக்குத் தெரியும். ஆனால் தரங்கம்பாடிப் பிள்ளைகள் வளர்வது ஆறும் வாய்க்காலும் உள்ள ஊரில். அவர்களுக்கு மதகு தெரியும், ஷட்டர் தெரியும், மறுகால் தெரியாது. மேலும் மறுகாலில் உள்ள ‘மறு’ மற்றொரு என்ற பொருளில் வருவது. போன நீர் ஏரிக்குத் திரும்பி வராது.

மேலே உள்ள தடுப்புக்கு வேண்டுமானால் ‘கலிங்கு’ என்று வையுங்கள். குறித்த மட்டத்தைத் தாண்டிய நீரை மட்டும் வெளியே விடுவது கலிங்கு, அந்தத் தடுப்பும் அதையேதான் செய்கிறது.

திருவையாறு, பாசனப் பொறியாளர் (ஓய்வு):

எல்லாரும் எங்கெங்கோ தேடுகிறீர்கள். சொல் நம் வீட்டு வாசலில் ஓடுகிறது. கொள்ளிடம்.

காவிரியில் மிகும் நீரைக் கொள்ளும் இடம் கொள்ளிடம். முக்கொம்பில் பிரிகிறது, கல்லணையில் மிஞ்சுவதும் அதற்குத்தான் போகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே இருப்பது அளவோடு இருக்க வேண்டும், மிகுந்தது கீழே போக வேண்டும். டீச்சர் விவரித்த அமைப்பு இதேதான். டெல்டாவில் பிறந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வேதாரண்யம்:

சொல்லுக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்று சொல்ல வேண்டும். டீச்சர் நீரை எங்கே எடுக்கிறார்? ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுமுகத்துப் பக்கம் எடுத்தால் வெள்ளநீர் கலந்து உப்பு குறைந்திருக்கும். லிட்டருக்கு 35 கிராம் அளவு வருகிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள். குறைந்தால் எங்கள் ஊர்க் கல்லுப்பைப் போட்டுச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பாத்தியில் கடல்நீர் சுண்டும்போது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். அப்புறம்தான் உப்பு விளையும். மக்னீசியம் பெரும்பாலும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். கல்லுப்பைக் கரைத்தால் உப்புத் தண்ணீர் கிடைக்கும், கடல்நீர் கிடைக்காது. சாப்பாட்டுக்கு அது அருமையான உப்பு, மீனுக்குப் போதாது.

சொல்லில் என் வாக்கு கொள்ளிடத்துக்கு.

காட்டுமன்னார்கோவில்:

பொறியாளர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. கொள்ளிடத்துக்குப் போன நீர் கடலுக்குப் போகிறது. இந்தத் தொட்டி நீர் மேலே திரும்ப வேண்டும். இன்னொன்று, கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். காவிரிக்கு வர வேண்டிய நீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டது என்பதால்தான் 1836இல் முக்கொம்பில் மேலணையே கட்டினார்கள். மேல்தொட்டியை வற்றடிக்கும் தொட்டி என்று பொருள்படும்படி ஒரு பெயர் வைக்கலாமா?

திருவையாறு:

கோபமே இல்லை, நீங்கள் என் வாதத்தைத்தான் வலுப்படுத்தியிருக்கிறீர்கள். மேலணை செய்த வேலையை இங்கே அந்தப் பல் தடுப்பு செய்கிறது. அது இல்லாவிட்டால் மேல்தொட்டி வற்றத்தான் செய்யும்.

கடலுக்குப் போய்விடுகிறது என்றீர்கள். முழுவதும் போவதில்லை. அணைக்கரையில் கீழணை மறிக்கிறது. அங்கிருந்து வடவாறு வழியாக உங்கள் வீராணத்துக்கே வருகிறது. 2004 முதல் வீராணத்திலிருந்து குழாயில் சென்னை வரை போகிறது. இறங்கிய நீரை மறித்து, சுத்தம் செய்து, மோட்டார் வைத்து அனுப்புகிறார்கள். கொள்ளிடத்தை வெறும் வடிகாலாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

கடலுக்குப் போனதும்கூடத் திரும்பி வருவதுதான். ‘வான்முகந்த நீர் மலைப்பொழியவும், மலைப்பொழிந்த நீர் கடற்பரப்பவும்’ என்று காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும்போதுதானே பட்டினப்பாலை சொல்கிறது. அங்கே வானம் செய்யும் வேலையை இங்கே மோட்டார் செய்கிறது. முகத்தல் அருமையான வினை. மோட்டாருக்கு ‘முகப்பி’ என்று வைக்கலாம்.

கும்பகோணம்:

ஐயா, மோட்டாரை விட்டுவிடுங்கள். வயலில் இறங்கி வேலை செய்கிற எல்லாருக்கும் அது தமிழ்தான்.

மன்னார்குடி:

‘முகவை’ என்று வைத்தால் ராமநாதபுரம் குறுக்கே வரும். ‘முகப்பி’ என்றால் முகப்பு என்று படிப்பார்கள். அதை இப்போது விடலாம்.

கொள்ளிடம் பற்றி ஓர் இலக்கணக் குறிப்பு. நான் எதிர்க்க வந்தவன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது வினைத்தொகை. கொண்ட இடம், கொள்கின்ற இடம், கொள்ளும் இடம் என்று முக்காலமும் அதில் அடங்கும். டீச்சர் எதை முக்கியம் என்றார்? கரண்ட் போனால் வரப்போகும் நீருக்கு இப்போதே இடம் விட்டு வைக்க வேண்டும் என்பதை. அந்த எதிர்காலம் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மறுகாலில் அது இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் பலகையில் வைக்கக் கூடாது. அது ஆற்றின் பெயர். சீர்காழிக்கு வடக்கே அதே பெயரில் ஊரும் ரயில் நிலையமும் உண்டு. ‘கொள்ளிடத்தில் பாசி வளர்க்கப்படுகிறது’ என்று படிக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? ஓர் ஆற்றின் பெயரைக் கருவிக்கு வைத்தால், நாளடைவில் ஆற்றின் பெயரும் தேயும்.

தரங்கம்பாடி:

ஐயா சொல்வது சரி. எங்கள் பிள்ளைகள் சிலருக்குக் கொள்ளிடம் பாட்டி ஊர். வகுப்பில் இந்த ஒப்புமையைக் கட்டாயம் சொல்வேன், அவ்வளவு நன்றாக இருக்கிறது. பலகையில் மட்டும் வேண்டாமே. ‘வடிதொட்டி’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். அது வடிகட்டுவதை மட்டும் சொல்கிறது. ‘அடித்தொட்டி’யைத் தொட்டியின் அடி என்று படித்துவிடுவார்கள்.

நாளை மாலைக்குள் கொடுக்க வேண்டும்.

வேதாரண்யம்:

டீச்சர், உங்கள் முதல் மடலை மறுபடி படித்துப் பாருங்கள். ‘கீழ்த்தொட்டிக்கு இறங்கும்’, ‘கீழ்த்தொட்டியை ஒருபோதும் முழுக்க நிரப்பக் கூடாது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் யாரும் அது என்ன என்று கேட்கவில்லை. மேல்தொட்டி, கீழ்த்தொட்டி. என் வாக்கை மாற்றிக்கொள்கிறேன்.

கும்பகோணம்:

எனக்குச் சம்மதம். கீழ்த்தொட்டி என்று கேட்டு வந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சம்ப் என்றும் போட்டுவிடுங்கள், வெளியூர்க் கடையில் கேட்க வேண்டியிருக்கும்.

காட்டுமன்னார்கோவில்:

கீழ்த்தொட்டிக்கு என் ஆதரவு. கலிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருவையாறு:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் உடன்படவில்லை. கீழ்த்தொட்டி என்பது இருக்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர, வேலையைச் சொல்லவில்லை. ஸ்டாண்டுக்குள் வைக்காமல் பக்கத்து அறையில் மேசைமேல் வைக்கிறவர்களும் உண்டு, அவர்கள் என்ன சொல்வார்கள்? இடப்பெயரால் கருவியை அழைத்தால் கருவியை நகர்த்தியதும் பெயர் பொய்யாகிவிடும். பத்தாண்டு கழித்து இதே கேள்வி வேறொரு இழையில் வரும், அப்போதும் கொள்ளிடத்தைத்தான் சொல்வேன்.

தரங்கம்பாடி:

அச்சுக்குப் போய்விட்டது. ‘கீழ்த்தொட்டி (சம்ப்)’ என்று பெரிய எழுத்தில். அதற்குக் கீழே: ‘மின்சாரம் நின்றால் மேலிருந்து வரும் நீரைக் கொள்ள இதில் எப்போதும் இடம் விட்டு வைக்கப்படும்.’ பொறியாளர் ஐயா, ‘கொள்ள’ என்ற சொல் உங்களுக்காகத்தான்.

தடுப்புக்குக் ‘கலிங்கு’ என்றே போட்டிருக்கிறேன். தலைமையாசிரியர் பொருள் கேட்டார், சொன்னதும் ஒத்துக்கொண்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், வலது பின்கால் சற்றுத் தாழ்ந்திருந்தது. தகடு கொடுத்துச் சரிசெய்தபிறகுதான் நீர் ஊற்றத் தொடங்கினோம்.

மன்னார்குடி:

அடைப்புக்குறிக்குள்ளும் ‘சம்பு’ என்று உகரம் சேர்த்திருக்க வேண்டும். என் எதிர்ப்பைப் பதிவுசெய்யுங்கள்.

நுரை பிரிக்கும் கருவிக்கு நாம் இன்னும் பெயர் வைக்கவில்லை. நாளைக் காலை தனி இழை தொடங்குகிறேன்.