கார்னாவின் ஜோ ஹீனி: கேட்டும் கற்றும் பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

அயர்லாந்தின் மேற்கில் இருக்கும் கானமாரா வட்டாரத்தில் ஒருவரைப் பாடச் சொல்லும்போது "அபர் அவ்ரான்" என்பார்கள். "பாட்டு ஒன்று சொல்லு" என்று பொருள். நம் கிராமங்களில் "ஒரு பாட்டுப் படியேன்" என்று கேட்பதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. அந்த வட்டாரத்துப் பாடகர் ஜோ ஹீனியை முதல்முறை கேட்க உட்காருபவர்கள் இந்த வினைச்சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாத்தியம் கிடையாது, எண்ணிப் போடும் தாளம் கிடையாது, குரலை ஏற்றி இறக்கி உருக வைப்பதும் கிடையாது. ஒரு ஆள் ஒரு சேதியைச் சொல்கிறார். இந்தப் பாணிக்கு ஷான்-நோஸ் என்று பெயர், அதாவது 'பழைய முறை'.

அவரைத் தெரியாதவர்களுக்கு: அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டத்தின் கார்னா பகுதியில் 1919-ல் பிறந்தவர். ஐரிஷில் பெயர் ஷோசவ் ஓ ஹேனி. ஊர்க்காரர்கள் வாயில் ஜோ ஏனியூ. அப்பாவும் பாட்டுக்காரர். அந்த வட்டாரம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கு போதும்: 1940-களில் பாட்டு சேகரிப்பாளர் ஷேமஸ் எனிஸ் அயர்லாந்து அரசின் நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காக அங்கே போனபோது, கோலம் ஓ கீயான் என்ற ஒரே மனிதரிடம் மட்டும் 200-க்கு மேற்பட்ட பாடல்களை எழுதி எடுத்தார். ஹீனியிடம் 500-க்கு மேல் இருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் பாட்டு அவருக்குச் சோறு போடவில்லை. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க், பிறகு சவுத்தாம்ப்டன், லண்டன் என்று கூலி வேலைதான். 1965-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பாடினார். அதன் பிறகு நியூயார்க்கில் குடியேறி, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வாயில்காப்பாளராக இருந்தார். கடைசி ஆண்டுகளில் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். 1982-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, பெற்றவர்களில் இவரும் ஒருவர். 1984 மே 1 அன்று சியாட்டிலில் இறந்தார். உடலைக் கார்னாவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

அவரைக் கேட்டு, பாடிப் பழகி நீங்கள் கண்டுகொண்டதை எழுதுங்கள். புகழுரை வேண்டாம், விவரம் வேண்டும்.

பதில் 1

எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். 1950-களின் கடைசியில் கேல் லின் என்ற ஐரிஷ் மொழி அமைப்பு வெளியிட்ட, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகள் குரல் இளமையாக இருந்த காலத்தவை. ஆனால் அந்த வகைத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் இடம். ஏழெட்டுக் கண்ணி உள்ள பாட்டு அதற்குள் அடங்காது. பாட்டு முழுசாகக் கேட்க நெடுந்தட்டுகளுக்குத்தான் (எல்.பி.) வர வேண்டும்: டாப்பிக் நிறுவனம் 1963-ல் வெளியிட்டது, பிறகு 1970-களில் கேல் லின் வெளியிட்டவை.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது 1964-ல் நாட்டுப்பாடகர்கள் யூவன் மெக்கால், பெக்கி சீகர் இருவரும் எடுத்த நீண்ட பேட்டி. பாட்டும் பேச்சும் கலந்து வரும். எந்தப் பாட்டை எப்போது பாடுவார்கள், எப்போது பாடக்கூடாது என்பதெல்லாம் அதில் கிடைக்கும். சியாட்டில் வகுப்புப் பதிவுகள் அந்தப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் குரல் தளர்ந்திருக்கும், நுரையீரல் நோய் அப்போதே வந்துவிட்டது. ஆனாலும் விளக்கம் அவ்வளவு தெளிவாக வேறெங்கும் இல்லை.

பதில் 2

அலங்காரம் பற்றி. நமக்குக் 'கமகம்' என்ற சொல் கைவசம் இருப்பதால் உடனே அதைத் தூக்கி இதன் மேல் போடுகிறோம். வேலை செய்யும் விதம் வேறு. கானமாரா பாணியில் மெட்டின் சுரத்தைச் சுற்றி வரும் சின்னச் சுரங்கள், அதாவது சுழிப்புகள், பெரும்பாலும் அழுத்தம் இல்லாத அசைகளில் விழுகின்றன. சேதியைத் தாங்குகிற சொல்லின் அழுத்தமான அசை மெட்டின் சுரத்திலேயே நேராக நிற்கும். கனமான சொல்லை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில்தான் சுழிப்பு. அதனால்தான் அத்தனை வளைவுக்கு நடுவிலும் மொழி தெரிந்தவருக்கு ஒரு சொல்கூடத் தப்பாது.

இரண்டு கண்ணிகளை அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். ஒரே மெட்டு, ஆனால் சுழிப்பு ஒரே இடத்தில் வராது. சொல் மாறுகிறது, அழுத்தம் மாறுகிறது, அதனால் அதுவும் மாறுகிறது. ஒரு கண்ணியை ஸ்வரப்படுத்தி எழுதிவிட்டு மற்ற கண்ணிகளுக்கும் அதையே ஒட்டுவது மிகப் பரவலான தவறு.

ஹீனி குரலில் அதிர்வு சேர்க்க மாட்டார். சத்தம் முதலிலிருந்து கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவு. மூக்கொலி ஒன்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதை 'ந்யா' என்று குறிப்பிடுவார், ஐரிஷ் பைக்குழல் வாத்தியத்தின் ஆதார சுருதியோடு ஒப்பிடுவார். மூக்கை அடைத்துக்கொண்டு அதைப் போலச் செய்தால் ஜலதோஷக் குரல்தான் வரும்.

பதில் 3

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். பாட்டுக்கு முன்னால் அவர் சொல்லும் கதையைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். அதற்கு 'ஊடர்' என்று பெயர்: பாட்டு பிறந்த காரணம், அதன் ஆதாரம். ஊடர் தெரியாமல் பாடுகிறவருக்குப் பாட்டு இல்லை என்பது அந்த மரபின் கட்டளை.

'அனக் கூன்' ஒரு நல்ல உதாரணம். 1828 செப்டம்பரில் கால்வே சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பழைய படகு கோரிப் ஏரியில் மூழ்கியது. உள்ளே ஆட்களோடு ஆடுகளும் இருந்தன. ஓர் ஆட்டின் கால் பலகையைத் துளைத்துக்கொண்டு போனது. ஒருவர் தன் மேலங்கியை அந்த ஓட்டையில் வைத்துக் காலால் அழுத்த, பலகையே பெயர்ந்துவிட்டது என்பது ஊடர். பார்வையற்ற கவிஞர் ராஃப்டரி கட்டிய அந்தப் பாட்டு, இறந்தவர்கள் 11 ஆண்கள், 8 பெண்கள் என்று எண்ணிச் சொல்கிறது. இது தெரிந்த பிறகு கேட்டால் எண்ணிக்கை வரும் வரியில் குரல் ஏன் அப்படி வெறுமையாக நிற்கிறது என்று புரியும். சுழித்துப் பாட அங்கே இடமே இல்லை.

'மூன்று மரியாள்களின் ஒப்பாரி'யும் அப்படித்தான். மகனைச் சிலுவையில் பறிகொடுத்த தாயின் அழுகை. கார்னா பக்கம் புனித வெள்ளியோடு சேர்ந்த பாட்டு. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் 'ஓகோன்' என்ற புலம்பல் திரும்பத் திரும்ப வரும். இழவு வீட்டில் பெண்கள் அழுது பாடிய முறையின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. இதைச் சும்மா 'இனிமையான பக்திப் பாடல்' என்று பட்டியலில் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

பதில் 4

கற்க நினைப்பவர்களுக்கு. நான்கைந்து கண்ணி உள்ள சின்னப் பாட்டாக எடுங்கள். முதல் வாரம் பாடவே வேண்டாம், சொற்களை மட்டும் பேசிப் பழகுங்கள். ஐரிஷில் ஒவ்வொரு மெய்க்கும் அகன்ற ஒலி, மெலிந்த ஒலி என இரண்டு உண்டு. 'போ' என்றால் பசு. 'ப்யோ' என்பது போல ஒலித்தால் உயிரோடிருப்பது. தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொண்டு பாடினால் இந்த வேறுபாடு பாதி போய்விடும். காதால்தான் பிடிக்க வேண்டும். வேகத்தை முக்கால் அளவுக்குக் குறைத்து, ஒரு வரியைப் பத்து முறையாவது கேளுங்கள்.

பிறகு சுழிப்பே இல்லாத மொட்டை மெட்டு. அது பேச்சின் நடையில் உட்கார்ந்த பிறகுதான் அலங்காரம். தலைகீழாகச் செய்தால், அதாவது ஹீனியின் சுழிப்புகளை முதலில் நகலெடுத்தால், கேட்பவருக்கு சுழிப்பு மட்டும்தான் கேட்கும்.

சுருதி வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தப் பாடல்களில் பல, நான்கு வரி மெட்டில் முதல் வரியும் கடைசி வரியும் தாழ்வாகவும் நடு இரண்டு வரிகளும் உயரமாகவும் அமைந்தவை. முதல் வரி சுகமாக இருக்கிறதே என்று எடுத்தால் இரண்டாம் வரியில் குரல் கிழியும். கைகொடுக்கத் தம்பூராவும் இல்லை. அதனால் இரண்டாம் வரியின் உச்சச் சுரத்தை மனதுக்குள் முனகிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து இறங்கி வந்து தொடங்குங்கள்.

மூச்சு: வரி முடிந்ததும் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு வரியின் கடைசிச் சொல்லை அடுத்த வரியின் முதல் சொல்லோடு சேர்த்துவிட்டு நடுவில் மூச்சு எடுப்பதும் வழக்கம். பாட்டு இரண்டிரண்டு துண்டாக உடையாமல் ஓடுவது இதனால்தான்.

பதில் 5

ஹீனியையே ஒட்டுமொத்த ஷான்-நோஸுக்கும் அளவுகோலாக வைத்துவிட வேண்டாம். வடக்கே டோனகால் பாணியில் அலங்காரம் குறைவு, நடை சீராக இருக்கும். தெற்கே மன்ஸ்டரில் இன்னொரு வாசனை. எரக்தஸ் என்ற ஐரிஷ் மொழிக் கலை விழாவில் கோர்ன் ஈ ரீயடா கோப்பைக்கு நடக்கும் போட்டியில் எல்லா வட்டாரத்தாரும் பாடுவார்கள். வித்தியாசத்தைக் காதில் வாங்கிக்கொள்ள நல்ல வழி.

பதில் 6

அமைதியாகக் கேட்பது அங்கே மரியாதை இல்லையா என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். பேசக்கூடாது, கூடவே பாடக்கூடாது, கை தட்டித் தாளம் போடவே கூடாது. ஆனால் கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே "மா ஹூ" ("சபாஷ்"), "தியா லாட்" ("கடவுள் உன்னோடு") என்று மெல்லக் குரல் கொடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் பாடுகிறவரின் கையைப் பிடித்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பதும் உண்டு. பாடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டோ சுவரைப் பார்த்தோ பாடினால் அது கூச்சமோ அலட்சியமோ இல்லை. முகத்தைப் பார்க்காதே, பாட்டைக் கேள் என்பதுதான்.

ஆண்டுதோறும் கார்னாவில் அவர் பெயரில் நடக்கும் பாட்டு விழாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் கடைசி வரியைப் பாடி முடிக்க மாட்டார்கள். பாதியில் இசையை விட்டுவிட்டு, மீதிச் சொற்களைச் சாதாரணப் பேச்சாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். மறந்துவிட்டார் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். பாட்டு முடிந்துவிட்டது, அப்போது கை தட்டலாம்.