ஆடை விதியை எடுத்துவிட்டால் விதி போய்விடுமா?

பழைய கணக்காளர்:

எங்கள் நிறுவனத்தில் ஆடை பற்றிய விதிகள் ஆறு பக்கம் இருந்தன. காலர் வைத்த சட்டை, தேய்த்த கால்சட்டை, தோல் காலணி, வெள்ளிக்கிழமை மட்டும் ஜீன்ஸ் என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. சென்ற மாதம் வந்த சுற்றறிக்கை அந்த ஆறு பக்கங்களையும் நீக்கிவிட்டு, அன்றைய வேலைக்குப் பொருத்தமாக உடுத்தி வாருங்கள் என்ற ஒரே வரியை அந்த இடத்தில் வைத்திருக்கிறது. உடன் பணிபுரிபவர்கள் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை; உங்கள் கருத்தை அறிய இந்த இணைய மன்றத்தில் எழுதுகிறேன்.

இருபது ஆண்டுகளாக ‘பிசினஸ் கேஷுவல்’ என்றால் என்ன என்று நான் யோசித்ததே இல்லை. டையும் கோட்டும் வேண்டாம், ஆனால் சட்டையை இன் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்று அதே பெயரின் கீழ் ஒருவர் பிளேசருக்குள் டி-ஷர்ட் அணிந்து வருகிறார், இன்னொருவர் ஓடுவதற்கான ஸ்னீக்கர்ஸ் போட்டுக்கொண்டு வாடிக்கையாளரைப் பார்க்கப் போகிறார். ஆள் பாதி ஆடை பாதி என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். எல்லாமே பொருத்தம் என்றால், பொருத்தம் என்ற சொல் எதற்கு?

நிரல் எழுதுபவள்:

ஐயா, அந்த ஆறு பக்கங்கள் யாருக்காக எழுதப்பட்டவை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நான் முன்பு இருந்த இடத்தில் ஆண்களுக்கான விதி நான்கு வரிகளில் முடிந்தது; பெண்களுக்கு மட்டும் கையின் நீளம், கழுத்தின் ஆழம், குதிகாலின் உயரம் என்று ஒன்றரைப் பக்கம் நீண்டது. 2015-இல் லண்டனில் வரவேற்பாளர் ஒருவர் குதிகால் உயர்ந்த காலணி அணிய மறுத்ததற்காக முதல் நாளே சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட, அது நாடாளுமன்ற விவாதம் வரை போனது. எழுதப்பட்ட விதி தெளிவாக இருந்தது என்பதில் ஐயமில்லை. தெளிவாக இருந்ததாலேயே அது நியாயமாகிவிடவில்லை.

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலகங்களின் வெப்பநிலை அளவுகோல்கள், ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள 40 வயது ஆணின் உடல் வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை என்று 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். கோட்டு போட்டவருக்கு இதமாக இருக்கும் அறையில் மற்றவர்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்கிறோம். ஜப்பான் அரசு 2005-இல் ‘கூல் பிஸ்’ என்ற பெயரில் கோடைக்காலத்தில் குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வைக்கச் சொல்லி, கோட்டையும் டையையும் கழற்றச் சொன்னது. அதனால் அலுவலகங்களின் மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மனிதவளத் துறை:

இருபது ஆண்டுகளாக ஆடை விதிகளை எழுதுவதும் திருத்துவதும் என் வேலையாக இருந்திருக்கிறது. கணக்காளர் ஐயா நிலையானது என்று கருதும் பிசினஸ் கேஷுவல், தானாக முளைத்த மரபு அன்று. அதை ஒருவர் விற்றார், மற்றவர்கள் வாங்கினார்கள். ஹவாயில் 1960-களில் ஆடைத் தயாரிப்பாளர்கள் சங்கம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஆளுக்கு இரண்டு அலோஹா சட்டைகளை, அதாவது பூ அச்சிட்ட ஹவாய்ச் சட்டைகளைக் கொடுத்து, பிறகு வெள்ளிக்கிழமைகளில் அதை அணியும் வழக்கத்தை உண்டாக்கியது. 1992-இல் ஜீன்ஸ் தயாரிக்கும் லீவைஸ் நிறுவனம், அலுவலகத்துக்கு ஏற்ற எளிய ஆடை எது என்று காட்டும் கையேட்டைச் சுமார் 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. அப்போது அது டாக்கர்ஸ் என்ற பெயரில் காக்கிக் கால்சட்டைகளை விற்றுக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. என் துறையினர் பலர் அந்தக் கையேட்டையே முன்மாதிரியாக வைத்துத் தங்கள் விதிகளை எழுதினார்கள். ஆக, காக்கிக் கால்சட்டை உங்கள் ஆறு பக்கங்களுக்குள் நுழைந்தது ஒழுக்கத்தின் வழியாக அல்ல, விளம்பரத்தின் வழியாக.

பழைய கணக்காளர்:

வந்த வழி எதுவாக இருந்தால் என்ன? வந்த பிறகு அது எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. பெண்களுக்கான விதிகள் பற்றி நிரல் எழுதும் அம்மா சொன்னது நியாயம். அவற்றை நீக்கியிருக்க வேண்டும், அல்லது எல்லோருக்கும் ஒரே நான்கு வரிகளாகச் சுருக்கியிருக்க வேண்டும். தவறாக எழுதிய விதிக்கு மருந்து, சரியாக எழுதுவதுதான். எழுதுவதையே நிறுத்துவது அன்று.

முதல் தலைமுறை:

இத்தனை நாள் வாசித்துவிட்டுப் போகிறவனாகவே இருந்தேன். இந்த விவாதத்தில் என் அனுபவம் விடுபடுவதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அலுவலக வேலைக்குப் போன முதல் ஆள் நான். சேர்ந்த நிறுவனத்தில் ஆடை விதி எதுவும் இல்லை, விருப்பப்படி வரலாம் என்றார்கள். முதல் வாரம் புதிதாக வாங்கிய முழுக்கைச் சட்டையும் பளபளக்கும் காலணியுமாகப் போனேன். ஏதோ திருமணத்துக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அடுத்த வாரம் வீட்டில் அணியும் டி-ஷர்ட்டில் போனேன். குழுத் தலைவர் தனியே அழைத்து, இவ்வளவு எளிமை வேண்டாம் என்றார். அவரும் டி-ஷர்ட்தான் அணிந்திருந்தார். அச்செழுத்து இல்லாத, தோளில் சரியாகப் பொருந்திய, நான் சட்டைக்குக் கொடுத்ததைவிட அதிக விலை கொண்ட டி-ஷர்ட் அது என்பது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று. விதி இல்லாத இடம் என்று எதைச் சொன்னார்களோ, அங்கே விதி இருந்தது. அதை வாசிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி 2019-இல் தன் ஆடை விதியைத் தளர்த்தியபோது, பணியிடத்துக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும் என்ற பொருளில் ஒரு வரியைச் சுற்றறிக்கையில் சேர்த்திருந்தது. அந்த ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லில் நான் இல்லை. முதலாளி கசங்கிய சட்டையில் வந்தால் அதைத் தன்னம்பிக்கை என்கிறார்கள். நான் வந்தால் அலட்சியம் என்கிறார்கள்.

நிரல் எழுதுபவள்:

இதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன். உங்களைத் தனியே அழைத்துப் பேசியவர், அதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? குறை விதி இல்லாமையில் இருக்கிறதா, சொல்லித் தராமையில் இருக்கிறதா? ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பதற்கு மேல் பெரும்பாலான வேலைகளுக்கு எதுவும் தேவையில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன்.

முதல் தலைமுறை:

சொல்லித் தருவதை எழுத்தில் தந்தால் அதற்குப் பெயர்தான் விதி.

மனிதவளத் துறை:

அப்படி ஒரே வரிக்குச் சுருக்கியதற்கு அதிகம் சொல்லப்படும் எடுத்துக்காட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் என்ற அமெரிக்கக் கார் நிறுவனம். இப்போது அதன் தலைவராக உள்ள மேரி பார்ரா, மனிதவளப் பொறுப்பில் இருந்தபோது பத்துப் பக்க விதியை ‘பொருத்தமாக உடுத்துங்கள்’ என்று சுருக்கினார். பலரும் இதுவரை மட்டுமே சொல்வார்கள்; பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. மூத்த அதிகாரி ஒருவர், இன்னும் விரிவான விதி தேவை என்று எழுதினார். பார்ரா அவரை அழைத்துப் பேசியபோது, அவருடைய குழுவினர் சில நேரம் திடீரென்று அரசு அதிகாரிகளைச் சந்திக்க வேண்டியிருக்கும், அப்போது ஜீன்ஸில் இருந்தால் என்ன செய்வது என்பதே அவருடைய கவலை என்று தெரிந்தது. குழுவினரிடம் பேசி, ஆளுக்கு ஒரு நல்ல கால்சட்டையை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, அவரே சிக்கலைத் தீர்த்துக்கொண்டார்.

இந்தக் கதையை எத்தனையோ கூட்டங்களில் நானே சொல்லியிருக்கிறேன். முதல் தலைமுறை நண்பரின் பதிவைப் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. துறைத் தலைவரை எட்டக்கூடிய மூத்த அதிகாரிக்கே அந்த உரையாடல் கிடைத்தது. சேர்ந்து ஒரு வாரம் ஆனவருக்கு அது கிடைக்காது.

பழைய கணக்காளர்:

அப்படியானால் நான் கேட்பது ஆறு பக்கம் அல்ல. மாற்றுக் கால்சட்டை ஒன்றை வைத்துக்கொள்வது போன்ற நான்கு வரிகள்தான். வாடிக்கையாளர் வரும் நாளில் காலர் வேண்டும். மற்ற நாளில் டி-ஷர்ட் ஆகலாம், அச்செழுத்து வேண்டாம். காலணி எதுவாயினும் சுத்தமாக இருக்கட்டும். குதிகால் உயரத்தை எவரும் அளக்கக் கூடாது. ஜீன்ஸை நான் இன்னும் ஏற்கவில்லை, ஆனால் அதை எழுத்தில் அனுமதித்தால் வாதாட மாட்டேன்.

நிரல் எழுதுபவள்:

நான்காவது வரியை முதல் வரியாக வைத்தால் நானும் கையெழுத்திடுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்: கைவைத்த மேலாடை அணிவோரும் அணியாதோரும் நடுங்காமல் உட்காரும்படி குளிர்சாதனம் எந்த அளவில் இருக்கும் என்ற எண்ணும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

முதல் தலைமுறை:

அந்தத் தாளை வேலையில் சேர்ந்த பிறகு தராதீர்கள். வேலைக்கான கடிதத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். ஏனெனில் துணிக்கடைக்கு நான் போனது அதற்கும் முதல் நாளுக்கும் இடையில்தான்.