டாக்காவில் ஆட்சி கவிழ்ந்ததும் நம் எல்லை ஏன் ஆடுகிறது?

களக்காட்டான்:
2024 ஆகஸ்ட் 5 அன்று, மாணவர் போராட்டம் முற்றியதால், வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து ஊரில் ஒரே பேச்சு: வேலியை முழுசாகப் போடு, படையைக் கூட்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பதினைந்து வருடமாக நாம் உறவு வைத்தது ஹசீனாவோடு. அந்த நாட்டோடு அல்ல. அவர் எதிர்க்கட்சிகளை ஒடுக்கியபோது டெல்லி வாய் திறக்கவில்லை. மாணவர்களின் கோபம் நம் மேலும் திரும்பியது அதனால்தான். அதை முள்வேலி தடுக்காது.

பாளை சிப்பாய்:
தம்பி, நான் மேற்கு வங்க எல்லையில் எட்டு வருடம் பி.எஸ்.எஃப். என்ற எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தவன். வேலி எல்லைக் கோட்டிலேயே இருக்காது. 1975 உடன்பாட்டின்படி கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் காவல் கட்டுமானம் கூடாது. அதனால் நம் ஆட்களின் வயலே வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கும். காலையில் கேட்டைத் திறந்து, அடையாள அட்டையை வாங்கி வைத்து, பெயரை நோட்டில் எழுதி அனுப்புவோம். சாயங்காலம் ஆள் எண்ணி உள்ளே விடுவோம். ஒரு தலை குறைந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

மொத்தம் 4,096 கி.மீ. எல்லை. 800 கி.மீ.க்கு மேல் வேலியே கிடையாது. 2024 ஜூலையில் வங்கதேசத்தின் நர்சிங்டி சிறையை உடைத்து 800 பேருக்கு மேல் தப்பினார்கள். ஆகஸ்டில் அங்கே போலீஸ் ஸ்டேஷன் துப்பாக்கிகள் கொள்ளை போயின. அப்படி ஒருவன் பனி இரவில் ஆற்றைத் தாண்டி வந்தால், அவனைக் காவல்காரன்தான் மறிக்க வேண்டும்.

யார் ஆள்கிறார் என்பதும் முக்கியம். 2004-ல் வங்கதேசத்தின் சிட்டகாங்கில், அசாமின் பிரிவினை ஆயுதக்குழுவான உல்ஃபாவுக்குப் போக இருந்த பத்து லாரி ஆயுதம் பிடிபட்டது. அப்போது ஹசீனாவின் எதிராளி கலீதா ஜியா ஆட்சி. ஹசீனா வந்த பிறகுதான் உல்ஃபா தலைவர்கள் நம் கைக்கு வந்தார்கள்.

களக்காட்டான்:
அண்ணாச்சி, நம் வயல் வேலிக்கு வெளியே கிடப்பது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் நானும் அதைத்தானே சொல்கிறேன், எல்லாம் ஒரே ஆளின் தயவில் நின்றது. நாடும் நாடும் செய்துகொண்டதைப் பாருங்கள்: 2015-ல், ஒரு நாட்டுக்குள் தீவுபோலக் கிடந்த மற்ற நாட்டின் 162 திட்டு நிலங்களை இரண்டு நாடும் மாற்றிக்கொண்டன. நம் நாடாளுமன்றம் ஏகமனதாக அரசியல் சட்டத்தையே திருத்தியது. ஹசீனா போன பிறகும் அது நிற்கிறது.

உவரிக்காரி:
நம்ம கரையையும் பாருங்கள். 2022 ஜூலையில் இலங்கை அதிபர் கோத்தபய ஓடினார். ஆகஸ்ட் 16 அன்று சீனாவின் யுவான் வாங் 5 என்ற கண்காணிப்புக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தது. நம் பக்கம் விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம், பக்கத்தில் கூடங்குளம், இப்போது குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளம். மீன்பிடிக்கப் போகும் என் அண்ணனின் வள்ளத்தைக் காவல்காரர்கள் நிறுத்தி அட்டை கேட்பதும் சோதிப்பதும் கூடிப்போச்சு. வேலை கெடுகிறது, ஆனாலும் கேட்கட்டும் என்பார் அவர்.

ஆனால் அந்த அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனாவுக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனது 2017-ல், சிறிசேன ஆட்சியில். ஆள் மாறினாலும் கடன் மாறவில்லை. இந்தியாவை ஒருகாலத்தில் கடுமையாக எதிர்த்த இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் தலைவர், இலங்கை அதிபர் அனுரதான் 2024 டிசம்பரில் முதல் வெளிநாட்டுப் பயணமாக டெல்லி வந்து, இலங்கை மண்ணை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டோம் என்றார். 2022 பஞ்சத்தில் இலங்கைக்குச் சுமார் 400 கோடி டாலர் கொடுத்து நின்றோமே, அதை அந்த மக்கள் மறக்கவில்லை.

பாளை சிப்பாய்:
இலங்கைக்கு இடையில் கடல் இருக்கிறது தாயி, வங்கதேசத்துக்கு இடையில் வரப்புதான். 2025 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் மால்டாவில் வேலி வேலையை வங்கதேச எல்லைப்படை வந்து தடுத்தது. அந்த மக்களிடம் நாம் நல்ல பெயர் எடுக்கும்வரை கேட்டைத் திறந்து போட முடியாது.

களக்காட்டான்:
சரி, கேட்டில் ஆள் நிற்கட்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஹசீனாவை ஒப்படைக்கச் சொல்கிறார்களே, தேடப்படுபவர்களை ஒப்படைக்க 2013-ல் நாமே கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள் அண்ணாச்சி?

பாளை சிப்பாய்:
அடைக்கலம் என்று வந்தவரைக் கொடுக்கக் கூடாது. அதனால் அந்தப் பக்கம் கோபம் கூடும், தெரியும். அந்தக் கோபத்துக்கும் சேர்த்துத்தான் காவல் கேட்கிறேன்.